எக்காளம் பயிலும் பிள்ளைக்கு ஓர் ஆசான் வேண்டும்



சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவில், மதுரங்குளிக்கு அண்மையில் இருக்கிறது கனமூலை. இஸ்லாமியச் சகோதரர் பெருந்தொகையாய் வாழும் ஊர். தென்னந்தோப்புகளைக் கடந்து மேற்கே சென்றால் களப்பு. சில காலத்துக்கு முன் ஒரு காலைப்பொழுதில் அலுவல் ஒன்றின் நிமித்தம் அப்பக்கம் போயிருந்தேன். தோப்புக்குள்ளிருந்து ட்ரம்பெட் ஊதும் ஓசை கேட்டது. பாட்டு அல்ல, ஒரே ஒரு சுரம். ஏறப் பார்க்கும், பாதியில் உடைந்துவிடும். மீண்டும் தொடங்கும், மீண்டும் உடையும்.

அருகே போய்ப் பார்த்தேன். பதினான்கு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் தென்னையில் சாய்ந்து நின்றான். உதட்டில் வாத்தியத்தின் வாய்முனை வட்டமாய்ப் பதிந்து சிவந்து கிடந்தது.

“எவ்வளவு நேரமாய் ஊதுகிறாய், தம்பி?”

“விடியக் காலையிலிருந்து, சுவாமி. மேல் சுரம் வருகுதில்லை. இன்னும் மூன்று கிழமையில திருநாள். பவனியில நான்தான் முன்னுக்கு ஊத வேணும்.”

“யார் படிப்பிக்கிறது?”

“இப்ப ஒருத்தரும் இல்லை, சுவாமி. முந்திப் படிப்பித்த சேர் மாற்றலாகிப் போயிட்டார். போனில பார்த்துத்தான் ஊதுறன்.”

அவனுடைய பிரயாசையில் யாதொரு குறையும் இல்லை. வெயில் ஏறும்வரை நின்று ஊதுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று யார் சொல்வார்? ஆயினும் அவன் எவ்வளவுக்கு உழைத்தானோ அவ்வளவுக்குத் தன் உதட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தான். உழைப்பு இருந்தது, உழைப்புக்கு வழிகாட்ட ஆள் இல்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த யோசனையின் பயனே இக்கட்டுரை. பிள்ளைகளை வாத்தியக் குழுவில் சேர்த்திருக்கும் பெற்றாரும், ஊதக் கற்கும் இளைஞரும் இதைப் பொறுமையாய் வாசிக்க வேண்டுகிறேன்.

பழைமையான வாத்தியம்

நம் திருநாட்களில் பாண்ட் வாத்தியம் புதியது போலத் தோன்றினாலும், எக்காளம் மிகப் பழையது. எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறை 1922-ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டபோது, அதனுள்ளே இரண்டு எக்காளங்கள் இருந்தன. ஒன்று வெள்ளி, மற்றது வெண்கலம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மௌனமாயிருந்த அவற்றை 1939-இல் ஊதச் செய்து பி.பி.சி. வானொலி ஒலிபரப்பியது.

வேதாகமத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது. எண்ணாகமம் பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் மோயீசனிடம், அடித்து உருவாக்கிய வெள்ளியால் இரண்டு எக்காளங்கள் செய்யும்படி கட்டளையிடுகிறார். மக்களைக் கூட்டுவதற்கு ஒருவிதமாகவும், பாளையம் புறப்படுவதற்கு வேறுவிதமாகவும் அவற்றை ஊத வேண்டும். ஊதுகிறவன் தவறினால் நிற்க வேண்டிய மக்கள் நடப்பார்கள். நடக்க வேண்டியவர்கள் நிற்பார்கள். புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதுகையில், தெளிவில்லாத எக்காள ஓசையைக் கேட்டு எவனும் போருக்கு ஆயத்தமாகமாட்டான் என்ற கருத்தை உவமையாய் எடுத்துச் சொல்கிறார். ஆகவே எக்காளத்தைத் தெளிவாய் ஊதுவது பழைய காலந்தொட்டே ஒரு பொறுப்பாய் இருந்து வந்திருக்கிறது.

உதடே சீவாளி

இந்த வாத்தியம் ஏன் கடினமானது? இதை விளங்கிக்கொண்டால் ஆசான் ஏன் வேண்டும் என்பதும் விளங்கும்.

நாதஸ்வரத்துக்குச் சீவாளி உண்டு. கிளாரினெட்டுக்கு நாணல் தகடு உண்டு. ட்ரம்பெட்டுக்கு இவை ஒன்றும் இல்லை. ஊதுகிறவனுடைய இரண்டு உதடுகளே சீவாளி. அவை வாய்முனைக்குள் அதிர வேண்டும். வாத்தியக் குழுக்கள் சுருதி சேர்த்துக்கொள்ளும் ‘ஏ’ என்ற சுரத்தை எடுக்க, அவை விநாடிக்கு 440 தடவை அதிர வேண்டும். அந்த அதிர்வு, சுருட்டி மடித்த பித்தளைக் குழாய்க்குள் இருக்கும் காற்றை ஒலிக்கச் செய்கிறது. நம் பாண்ட் வாத்தியங்களில் வழங்கும் சாதாரண ட்ரம்பெட்டின் குழாயை நேராக நீட்டினால் ஏறக்குறைய 148 சென்ரிமீற்றர் வரும். பத்து வயதுப் பிள்ளையின் உயரத்தைவிடச் சற்றுக் கூட.

பழைய எக்காளத்தில் எல்லாச் சுரங்களும் வரா. வெறுங்குழாயில் ஊதினால் இடைவெளி விட்ட படிக்கட்டுப் போலச் சில சுரங்கள் மட்டுமே கிடைக்கும். அந்த இடைவெளியை நிரப்பவே வால்வு வந்தது. பிரஷிய நாட்டில் ஹைன்ரிக் ஸ்டோல்ஸெல், ஃப்ரீட்ரிக் ப்ளூமெல் என்னும் இருவர் 1818-ஆம் ஆண்டு வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய ட்ரம்பெட்டில் மூன்று வால்வுகள் உண்டு. முதலாவதை அழுத்தினால் சுரம் ஒரு முழுச் சுரம் இறங்கும். இரண்டாவது அரைச் சுரம் இறக்கும். மூன்றாவது ஒன்றரைச் சுரம் இறக்கும்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய சுரம் மட்டுமே வரும். குழந்தை அழுத்தினாலும் அதே சுரம்தான். ட்ரம்பெட்டில் அப்படியல்ல. ஒரு வால்வையும் அழுத்தாமலே ஐந்தாறு சுரங்களை எடுக்கலாம். எது வெளியே வரவேண்டும் என்பதை விரல் தீர்மானிப்பதில்லை. உதட்டின் இறுக்கமும் மூச்சின் வேகமும் தீர்மானிக்கின்றன. அவற்றை நடத்துவது செவி. ஊதுமுன் அந்தச் சுரம் மனத்தில் கேட்காவிட்டால், குழாயில் அது அகப்படாது.

இன்னொன்றும் உண்டு. முதலாம், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போதும், மூன்றையும் ஒருங்கே அழுத்தும்போதும், சுரம் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலேயே நிற்கும். இது வாத்தியத்தின் பிழையல்ல, அதன் இயல்பு. அதனால் மூன்றாம் வால்வின் நழுவுகுழாயை இடக்கை விரலால் வெளியே தள்ளிச் சுருதியைச் சரிப்படுத்த வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளை, வருடக்கணக்காய்ச் சுருதி பிசகி ஊதிக்கொண்டே இருப்பான். தான் பிசகுவதையும் அறியமாட்டான்.

தன் உதட்டைத் தானே காண முடியாது

உயர்ந்த சுரம் வரவில்லையென்றால் பழகாத பிள்ளை என்ன செய்வான்? வாத்தியத்தை உதட்டோடு சேர்த்து அழுத்துவான். சுரம் ஒருவாறு வந்துவிடும். ஆனால் அழுத்திய உதட்டில் இரத்தம் ஓடாது. சதை சோர்ந்து வீங்கும். பத்து நிமிடத்தில் வந்த சுரமும் போய்விடும். அவன் இன்னும் அழுத்துவான். கனமூலையில் நான் கண்ட பையனின் கதை இதுதான்.

செல்பேசியில் படங்கள் உண்டு; பெரிய கலைஞர்கள் ஊதுவதை இருந்த இடத்திலேயே பார்க்கலாம். அது நல்ல காரியமே. ஆனால் நாம்தான் அதைப் பார்க்கிறோமேயன்றி, அது நம்மைப் பார்ப்பதில்லை. தோள் உயர்கிறதே, கன்னம் ஊதுகிறதே, மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டதே என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. “இன்றைக்குப் போதும், வாத்தியத்தைக் கீழே வை” என்றும் சொல்லாது. இந்த ஒரு வார்த்தைக்காகவேனும் ஆசான் வேண்டும்.

என் அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குருமடத்தில் முதல் ஆண்டில் எனக்கும் ஒரு பழைய கோர்னெட் கிடைத்தது. கற்பித்த பெரியவர், “இரண்டு மாதம் நீண்ட சுரம் மட்டும் ஊது, பாட்டுக்குப் போகாதே” என்றார். எனக்குப் பொறுமை இல்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு கீதத்தை நானாகவே பழகினேன். ஒரு பங்குத் திருநாள் பவனியில் ஊதும் வாய்ப்பும் வந்தது. இரண்டாம் அடியிலேயே உதடு விட்டுவிட்டது. மற்றவர்கள் என் பகுதியையும் சேர்த்து ஊதி மானத்தைக் காப்பாற்றினார்கள். அந்தப் பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பவனி முடிந்தபின் வாத்தியத்தைத் துடைக்கும் துணியை மட்டும் என் கையில் தந்தார். நானோ வெட்கத்தால் அவரிடம் மறுபடி போகவேயில்லை. இன்று நினைத்தால், பவனியில் தவறியது சிறு பிழை. அவரிடம் திரும்பிப் போகாததே பெரும் பிழை.

அண்ணாவியாரும் கோவாவின் மெஸ்த்ரெயும்

ஆசானிடம் அமர்ந்து கற்பது நம் கரையோர மக்களுக்குப் புதிதல்ல. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் நாட்டுக்கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை எண்ணிப் பாருங்கள். அவர் ஏட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. ஒவ்வொரு அடியையும் தாம் பாடி, பிள்ளையைப் பாடச்சொல்லிக் கேட்டு, தாளம் தப்பினால் நிறுத்தி, மறுபடி தொடங்குகிறார். மாதக்கணக்கில் இரவிரவாக இது நடக்கும்.

நமக்கு விசுவாசத்தைக் காத்துத் தந்தவர்களின் ஊரான கோவாவிலும் இவ்வாறே நடந்தது. 1687-இல் இலங்கைக்கு வந்து, புத்தளம் வழியாய்க் கண்டிக்குச் சென்ற புனித யோசேப் வாஸ் அடிகளும், 1705-இல் வந்து தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி 1742-இல் போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் கோவா நாட்டவர். அங்கே ஆலயங்களோடு பங்குப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. மெஸ்த்ரெ என்று அழைக்கப்பட்ட ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சுரம் பார்த்துப் பாடக் கற்பித்தார். முதலில் பாட்டு, பிறகே வாத்தியம். இந்த ஒழுங்கில் வளர்ந்த கோவா இசைஞர்கள் பின்னாளில் பம்பாயின் நடன மண்டபங்களையும் திரைப்பட இசைக்குழுக்களையும் நிரப்பினார்கள். அல்டோனா கிராமத்தில் 1916-இல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், ‘சிக் சொக்லெட்’ என்ற பெயரில் இந்தியாவின் தலைசிறந்த ட்ரம்பெட் கலைஞர்களுள் ஒருவராய் விளங்கினார்.

மஜோர்டா என்னும் ஊரில் ஆலயப் பாடகர் குழுவை நடத்திய ஒருவரின் மகன் அந்தோனி கொன்சால்வெஸ். வயலின் ஆசிரியர். பம்பாயில் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் பியாரேலால். இந்தப் பியாரேலாலின் தந்தை ராம்பிரசாத் சர்மா ஒரு ட்ரம்பெட் கலைஞர்; மகனுக்கு இசையின் முதலெழுத்தைக் கற்பித்தவரும் அவரே. பியாரேலால் சிறு வயதிலேயே நாள்தோறும் பல மணி நேரம் சாதகம் செய்து வளர்ந்து, புகழ்பெற்ற திரையிசையமைப்பாளர் இருவருள் ஒருவரானார். 1977-இல் வெளிவந்த ‘அமர் அக்பர் அந்தோனி’ படத்தில் அந்தோனி கொன்சால்வெஸ் என்ற பெயரை ஊரெல்லாம் பாட வைத்த பாட்டு ஒன்று உண்டு. அதை வேடிக்கைப் பாட்டு என்றே பலரும் எண்ணினர். உண்மையில் அது ஒரு மாணவன் தன் குருவின் பெயருக்குச் செய்த மரியாதை.

திருத்தப்பள்ளியில் ஒரு சிறுவன்

ட்ரம்பெட் என்றவுடன் உலகமே நினைக்கும் பெயர் லூயி ஆம்ஸ்ட்ரோங். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் மிக ஏழைக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினச் சிறுவன். தாம் 1900-ஆம் ஆண்டு ஜூலை 4-இல் பிறந்ததாகவே அவர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். அவர் இறந்து பல ஆண்டுகளின் பின், அந்நகரின் திரு இருதய ஆலய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான், பிறந்த நாள் 1901 ஆகஸ்ட் 4 என்பது தெரியவந்தது. நம் பங்குப் பதிவேடுகளின் அருமை இதனாலும் விளங்கும்.

1912-ஆம் ஆண்டின் கடைசி இரவில், தெருவில் கைத்துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சிறுவன் பிடிபட்டான். மறுநாள் திருத்தப்பள்ளியொன்றில் அடைக்கப்பட்டான். அங்கே பீற்றர் டேவிஸ் என்பவர் வாத்தியக் குழுவை நடத்தி வந்தார். குழப்படிக்காரப் பேட்டையிலிருந்து வந்த பிள்ளை என்று முதலில் அவர் அவனை நம்பவில்லை. பிறகு சிறு கைப்பறை ஒன்றைத் தட்டக் கொடுத்தார். அதில் தாளம் தவறாதிருக்கக் கண்டு மேளம் கொடுத்தார். பின்பு ஆல்ட்டோ ஹோர்ன், பின்பு பியூகிள், கடைசியில்தான் கோர்னெட். படிப்படியாய் ஏற்றிய ஆசிரியர், முடிவில் குழுவின் தலைமையையே அவனிடம் ஒப்படைத்தார்.

1914-இல் வெளியே வந்த லூயி பகலில் நிலக்கரி வண்டியோட்டிப் பிழைத்தான். அவனைத் தம் பிள்ளைபோல் ஏற்றவர் ஜோ ஒலிவர். ‘கிங்’ ஒலிவர் என்று புகழ்பெற்ற கோர்னெட் கலைஞர். அவருடைய மனைவிக்குக் கடைகண்ணிக்குப் போய் உதவுவான் சிறுவன். ஒலிவர் அவனுக்குப் பாடம் சொல்வார். தம்முடைய பழைய கோர்னெட் ஒன்றையும் அவனுக்குக் கொடுத்தார். நம் நாட்டுக் குருகுலத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஒலிவர் சிக்காகோ நகருக்குப் போய்ப் பேரெடுத்தபின், 1922-இல் தந்தி அனுப்பி மாணவனை அழைத்தார். லூயி அங்கே இரண்டாம் கோர்னெட் ஊதினான். இதைக் கவனியுங்கள். ஆசானைவிட அவனுடைய ஒலி பலமாயிருந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். ஆயினும் இரண்டு வருடம் வரையில் அவரை மிஞ்சாமல், அவர் ஊதுவதற்கு இசைவாய்ப் பக்கச் சுரம் ஊதினான். பிறர் ஊதுவதைக் கேட்டுக்கொண்டே ஊதுவது என்ற அரிய பாடத்தை அங்கேதான் முற்றக் கற்றான்.

ஒலிவரின் பிற்காலம் துயரமானது. ஈறு நோயால் பற்கள் கெட்டு, ஊத முடியாமல் போயிற்று. சவானா நகரில் காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் பிழைத்து, 1938-இல் வறுமையில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அந்நகருக்குப் போன ஆம்ஸ்ட்ரோங் தம் ஆசானை அந்த நிலையில் கண்டு, கையிலிருந்த பணத்தைக் கொடுத்தார். 1971-இல் இறக்கும்வரை, தம் வித்தை ஜோ ஒலிவர் தந்தது என்று சொல்ல அவர் தயங்கியதில்லை.

ஆம்ஸ்ட்ரோங்கின் வாழ்வில் எச்சரிக்கையும் ஒன்று உண்டு. இரவு பகலாய் உயர்ந்த சுரங்களை ஊதி அவருடைய உதடு பலமுறை வெடித்தது. மாதக்கணக்காய் வாத்தியத்தைத் தொடாமல் இருக்க நேர்ந்தது. ஊதுவோரின் உதட்டுத் தசை கிழிகிற கேட்டுக்கு மருத்துவர்கள் அவருடைய செல்லப்பெயரான ‘சாச்மோ’வையே சூட்டியிருக்கிறார்கள். மேதைக்கும் உதடு சதைதான்.

சுரங்கத்திலிருந்து வந்தவர்

பிரான்ஸ் தேசத்தில் அலேஸ் என்ற நிலக்கரிப் பிரதேசத்தில் 1933-இல் பிறந்தவர் மொரிஸ் ஆந்த்ரே. தந்தை சுரங்கத் தொழிலாளி. ஓய்வு வேளையில் ட்ரம்பெட் ஊதுபவர். மகனும் பதினான்கு வயதளவில் சுரங்கத்தில் இறங்கினான். தந்தையின் நண்பர் ஒருவர் பையனுக்குக் கற்பித்து, இவன் பாரிஸ் இசைக் கல்லூரிக்குப் போக வேண்டியவன் என்றார். ஆனால் படிப்புக்குப் பணம் இல்லை. இராணுவ வாத்தியக் குழுவில் சேர்ந்தால் கல்லூரியில் கட்டணமின்றிப் படிக்கலாம் என்று அறிந்து, படையில் சேர்ந்தான்.

கல்லூரியில் ஆசிரியர் ரெய்மோன் சபரிக். மாணவன் போதிய ஆயத்தமின்றி வந்ததைக் கண்டு அவர் கடுமையாய்க் கண்டித்து, சிறப்பாக ஊத ஆயத்தமானபின் வா என்று அனுப்பிவிட்டார். இவ்விடத்தில்தான் பல பிள்ளைகள் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பெற்றாரும் ஆசிரியரோடு சண்டைக்குப் போகிறார்கள். நானும் ஒரு துணியை வாங்கிக்கொண்டு ஓடிப்போனவன்தானே! ஆந்த்ரே ஓடவில்லை. ட்ரம்பெட் பயில்வோர் வேதம்போல் போற்றும் நூல் ஒன்று உண்டு. ஜான் பாப்டிஸ்ட் ஆர்பான் என்பவர் 1864-இல் வெளியிட்டது. அதன் கடைசியில் பதினான்கு கடினமான பயிற்சிகள் இருக்கின்றன. சில வாரங்கள் கழித்து ஆந்த்ரே திரும்பி வந்து, அந்தப் பதினான்கையும் ஒரு பிழையுமின்றி ஊதினார்.

1955-இல் ஜெனீவாப் போட்டியில் முதற் பரிசு பெற்றார். 1963-இல் மியூனிக் நகரப் போட்டிக்கு நடுவராய் இருக்க அழைத்தபோது, நடுவர் நாற்காலியை விட்டுப் போட்டியாளராகவே நின்று அதிலும் முதற் பரிசு பெற்றார். அத்தோடு நிற்கவில்லை. 1967 முதல் 1978 வரை, தாம் கண்டனம் வாங்கிய அதே பாரிஸ் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, அடுத்த தலைமுறையை உருவாக்கினார். 2012-இல் காலமானார்.

பேரெடுத்தபின்னும் மாணவன்

நம்மிடையேயும் உதாரணம் உண்டு. ஷேக் சின்ன மௌலானா 1924-இல் ஆந்திர நாட்டில் கரவதி என்ற ஊரில், நாதஸ்வரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தம் நாட்டில் பேரெடுத்தபின்பும், தஞ்சைப் பாணியில் ஆசை கொண்டு, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரரிடம் மாணவனாய் அமர்ந்தார். பின்பு ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். 1998-இல் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்று, மறு ஆண்டு மறைந்தார். வித்தைக்கு முன்னால் வயதும் இல்லை, வகுப்பும் இல்லை. கனமூலைபோல் பல மதத்தவரும் அயலவராய் வாழும் பிரதேசத்தில் இதை நினைவூட்டுவது நல்லது. உங்கள் பிள்ளைக்கு ஏற்ற ஆசான் எந்தத் தெருவில் இருக்கிறாரோ, அந்தத் தெருவுக்குப் போங்கள்.

அன்றாட அப்பியாசம்

இனி, தொடக்க மாணவர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கைச் சொல்கிறேன். ஆசான் வேறுவிதமாய்ச் சொன்னால் ஆசான் சொல்வதையே கேளுங்கள்.

1. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஊதுவதைவிட, காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் மேலானது. ஊதிய நேரத்துக்குச் சமமாய் இடையிடையே ஓய்வும் வேண்டும்.

2. முதலில் மூச்சு. தோள் உயராமல், வயிறும் விலாவும் விரிய இழுங்கள். ஓசையில்லாமல் உள்ளே வந்த மூச்சே நல்ல மூச்சு.

3. அடுத்து, நடுத்தரச் சுரம் ஒன்றை மெதுவாய் எட்டு எண்ணும்வரை நிறுத்துங்கள். நடுங்காமல், ஏறாமல், இறங்காமல் நிற்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் வீட்டுக்கு அத்திவாரம் இதுவே.

4. பின்பு வால்வை மாற்றாமல் ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு உதட்டாலும் மூச்சாலும் வழுக்கிப் பழகுங்கள். உயர்ந்த சுரத்துக்கு வழி இதுவே; அழுத்துவது அல்ல.

5. நாவால் ‘தூ, தூ’ என்று தொட்டுச் சுரங்களைப் பிரித்து ஊதுங்கள். மெதுவாய்ச் சுத்தமாக வந்தபின்பே வேகம்.

6. ஊதப் போகும் வரியை முதலில் பாடுங்கள். பாட வராததை ஊத வராது. பாட்டு கடைசியில்தான்.

7. உதடு வலித்தால் நிறுத்துங்கள். நாளைக்கும் உதடு வேண்டும்.

8. சாப்பிட்ட வாயோடு ஊதாதீர்கள். பல் துலக்கி, வாய் கொப்பளித்த பிறகே வாத்தியத்தை எடுங்கள். ஒலிவரின் பற்களை நினைவிற் கொள்ளுங்கள். ஒருவரின் வாய்முனையை மற்றவர் கழுவாமல் பயன்படுத்தலாகாது. வால்வுகளுக்கு எண்ணெய் இட்டு, குழாயை இளஞ்சூட்டு நீரால் கழுவி வாருங்கள். களப்பின் உப்புக்காற்று பித்தளைக்குப் பகை.

பெற்றாருக்கும் பங்குகளுக்கும்

பிள்ளைக்கு வாத்தியம் வாங்கிக் கொடுப்பது எளிது. கடன் பட்டாவது வாங்கிவிடுகிறோம். நீண்ட சுரம் ஊதும் அந்த முதல் ஆறு மாதத்தைப் பொறுத்துக்கொள்வதே கடினம். “இன்னுமா ஒரு பாட்டு வரவில்லை?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் பிள்ளையை உதட்டை அழுத்த வைக்கிறது. திருநாளுக்கு ஊதத்தான் வேண்டும் என்று நெருக்காதீர்கள். அடுத்த வருடமும் திருநாள் வரும்.

பங்குகளுக்கும் ஒரு விண்ணப்பம். இராணுவ, பொலிஸ் வாத்தியக் குழுக்களில் இருந்து ஓய்வுபெற்றவர்களும், முன்னாளில் பாண்ட் நடத்தியவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைத் திருநாளன்று மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு விட்டுவிடுகிறோம். அவர்கள் கேட்பது பொன்னாடை அல்ல. நாலு பிள்ளைகளும் கிழமைக்கு ஒரு மாலைப்பொழுதுமே. ஒலிபெருக்கிப் பெட்டியை ஒரு நாளைக்குக் கூலிக்கு எடுக்கும் பணத்தில், ஓர் ஆசானுக்குப் பல மாதப் போக்குவரத்துச் செலவைக் கொடுக்கலாம். அந்தப் பெரியவர் மறைந்துவிட்டால் அவரோடு போவது அவருடைய வாத்தியம் மாத்திரமல்ல. அவருடைய செவியும் போய்விடும். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கனமூலையில் கண்ட அந்தப் பையனுக்கு அன்று நான் சொன்னது ஒன்றுதான்: “இன்றைக்குப் போதும், தம்பி.” பிறகு விசாரித்ததில், பஸ்ஸில் அரைமணிப் பயணத்தில் ஓய்வுபெற்ற வாத்தியக்காரர் ஒருவர் இருப்பது தெரியவந்தது. பையனுடைய தகப்பனார் அவரைப் போய்க் கண்டார். பெரியவர் பையனை ஊதச் சொல்லிக் கேட்டுவிட்டு, “மூன்று கிழமையில் இவனால் ஊத முடியாது; ஊதவும் விடமாட்டேன். விருப்பமென்றால் சனிக்கிழமைகளில் வரட்டும்” என்றாராம். அந்த வருடத் திருநாளில் பையன் ஊதவில்லை. மற்றவர்களுக்குச் சுரத்தாள் பிடித்துக்கொண்டு பவனியில் நடந்தான். அவனுக்கு அது வருத்தந்தான்; நான் பார்த்தேன். ஆனால் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறினான்.

சென்ற முறை தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குப் போகும் வழியில் அவனைச் சந்தித்தேன். “மேல் சுரம் வருகுதா, தம்பி?” என்றேன். “அதைப் பற்றி சேர் இன்னும் ஒன்றும் சொல்லேல்லை, சுவாமி. இப்ப நடுச் சுரம் நடுங்குறதில்லை” என்றான். உதட்டில் அந்தச் சிவந்த வட்டம் இல்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

குடும்பத்தில் கூடிப் பேசிப் பார்க்க:

1. நம் பிள்ளை கற்கும் எந்த வித்தையிலேனும், உழைப்பு இருந்தும் வழிகாட்ட ஆள் இல்லாமல் தடுமாறுகிறதா?

2. ஆசிரியர் கண்டித்தபோது நாம் பிள்ளையைத் திரும்ப அனுப்பினோமா, நிறுத்திவிட்டோமா?

3. நம் ஊரில் வித்தை தெரிந்த முதியவர் யார்? அவரிடம் இப்போது யாராவது கற்கிறார்களா?

4. நமக்குக் கற்பித்த ஒருவரிடம் திரும்பிப் போகாமல் இருக்கிறோமா? இன்னும் காலம் இருந்தால், போய்ப் பார்க்கலாம் அல்லவா?